பிணை நிற்பவர் யார்?

நாம் பணியாற்றும் பள்ளியில் வெள்ளிக்கிழமை பிற்பகல்தோறும் மாணவர் மன்றம் கூடும். சென்ற திங்கள் அந்த மன்றம் எடுத்துக்கொண்ட பொருள், "ஒலிம்பிக் பந்தயங்களைத் தன் மண்ணில் நடத்த ஒரு நகரம் போட்டியிடலாமா?" என்பது. பத்தாம் வகுப்புப் பிள்ளைகள்; பதினைந்து வயது இரத்தம்; பேச்சில் பொறி பறந்தது. "உலகம் நம் வாயிற்படிக்கு வருகிறேன் என்கிறது, தாழ்ப்பாள் போடுவதா?" என்று முழங்கினான் ஒருவன். "கூரை ஒழுகுகிற வீட்டில் கொலு வைப்பதா?" என்று திருப்பிக் கேட்டாள் ஒருத்தி. கையொலி இரு பக்கத்துக்கும் சமமாகவே எழுந்தது. ஆனால் முடிவில் கைதூக்கச் சொன்னபோது, கேட்கலாம் என்றோர் 31 பேர். கூடாது என்றோர் 9 பேர்.

எண்ணி முடித்து மணிக்காகக் காத்திருந்தோம். கடைசி வரிசையிலிருந்து ஒரு பையன் எழுந்தான். பேச்சுப் போட்டிகளுக்குப் பெயர் கொடுக்காதவன். "ஐயா, நகரம் கேட்கிறது, நகரம் கேட்கிறது என்கிறார்களே! நகரத்துக்கு வாய் ஏது? கேட்பது யார்?" என்றான். வகுப்பு சிரித்தது, நாமும் சிரித்தோம். வீடு திரும்பும் வழியிலேதான் அந்தச் சிரிப்பு நம்மைச் சுட்டது. கல்லூரியை விட்டு வெளிவந்து மூன்றாண்டு ஆகிறது. அறமும் அரசியலும் பாடமாகப் படித்துப் பட்டமும் வாங்கினோம். இந்த எளிய கேள்வி நமக்குத் தோன்றவில்லையே!

கேட்பது யார்? கேட்டது கிடைத்தபின் கொடுப்பது யார்? இந்த இரண்டு 'யார்' களும் ஒருவரே என்றால் வழக்கே இல்லை. ஒருவர் கேட்க, மற்றொருவர் கொடுக்க நேர்ந்தால்? அங்கேதான் இது கணக்குப் பிள்ளையின் ஏட்டைவிட்டு எழுந்து அறத்தின் மன்றத்துக்கு வந்து நிற்கிறது.

தொடக்கத்திலேயே ஒன்றைச் சொல்லிவிடுவோம். நாம் பந்தயத்துக்குப் பகைவரல்லோம். பகுத்தறிவு பேசுவோர் எல்லாம் சிரிக்கத் தெரியாதவர், செலவைக் கண்டால் முகம் சுளிப்பவர் என்று எண்ணுவோர் உண்டு, எண்ணிக்கொள்ளட்டும். மனிதன் சோற்றால் மட்டும் வாழ்வதில்லை. 1936இல் பெர்லின் நகரில், இனச் செருக்கே ஆட்சி நடத்திய அரங்கில், கறுப்பினத்து ஜெசி ஓவன்ஸ் நான்கு தங்கப் பதக்கம் வென்றாரே, அந்த ஓட்டம் ஆயிரம் மேடைப் பேச்சுக்கு நிகர் அல்லவா? 1968இல் மெக்சிகோ நகரில், டாமி சுமித்தும் ஜான் கார்லோசும் பரிசு மேடையில் நின்று, கறுப்புக் கையுறை அணிந்த முட்டியை வானுக்கு உயர்த்தினார்களே, அது வேறெந்த மேடையில் நின்றிருந்தால் உலகின் கண்ணில் பட்டிருக்கும்? ஓடுவதும் தாண்டுவதும் அழகு. ஒருவனுக்கொருவன் சமமாக ஒரே கோட்டில் நின்று புறப்படுவது அதனினும் அழகு. அந்த அழகின் விலைச்சீட்டை எவர் கையில் திணிக்கிறார்கள் என்பதையே நாம் பார்க்க விரும்புகிறோம்.

விலைச்சீட்டு என்றோமே, அது எப்படி எழுதப்படுகிறது? சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் அனைத்துலக ஒலிம்பிக் குழு இருக்கிறது. பந்தயத்தின் பெயரும் அதனுடையது; கொடியும் அதனுடையது; தொலைக்காட்சி உரிமையை விற்பதும் அதுவே. விற்ற பணத்தில் ஒரு பங்கை நடத்தும் நகரத்துக்குத் தரும். அரங்கு கட்டுவது, சாலை போடுவது, காவல் காப்பது, விருந்தினரைத் தங்க வைப்பது எல்லாம் நகரத்தின் பாடு. இதுவரை குறையில்லை என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் போட்டியிடும் நகரம் ஓர் உறுதிப் பத்திரமும் தரவேண்டும் என்பது நெடுங்கால வழக்கம். மதிப்பிட்ட தொகைக்கு மேல் செலவானால் மிச்சத்தை நாங்கள் ஏற்போம் என்பது அதன் சாரம். எவ்வளவு மேல்? அந்த இடத்தில் எண் இல்லை! நம் ஊர்ப்புறத்தில் வட்டிக் கடைக்காரர் முன் தொகை எழுதாத புரோநோட்டில் கைநாட்டு வைத்துவிட்டு, பின்னர் வயலையும் வீட்டையும் இழந்தவர் கதை நமக்குத் தெரியும். படிக்காதவர் செய்தார், ஏமாந்தார், இரங்கினோம். படித்தவர், பட்டம் பெற்றவர், பதவியில் இருப்பவர், அதே காரியத்தைப் பேனாவால் செய்தால் அதற்குப் பெயர் பெருமை!

அந்தக் கைநாட்டின் பலனைக் கனடா நாட்டு மான்ட்ரியால் கண்டது. 1976இன் பந்தயத்தை 12 கோடி டாலர் அளவில் முடித்துவிடலாம் என்றார் அதன் மேயர் ழான் டிராப்போ. ஆண்மகன் பிள்ளை பெறுவது எப்படி நடவாதோ அப்படியே ஒலிம்பிக் பந்தயத்தில் நட்டம் வருவதும் நடவாது என்றும் உறுதி கூறினார். பந்தயம் வந்தது. அரங்கின் கோபுரமும் கூரையும் முடியவில்லை. அரைகுறைக் கட்டடத்திலேயே வீரர் ஓடினர். கோபுரமும் கூரையும் முற்றுப்பெற 1987 ஆயிற்று. நட்டமோ 150 கோடி டாலரை ஒட்டியது. கேலிச் சித்திரக்காரர் ஒருவர் மேயரைச் சூல்கொண்ட வயிற்றோடு வரைந்தார், ஊர் சிரித்தது. ஆனால் கடன் சிரிப்பால் அடையவில்லை. கியூபெக் மாநிலத்தில் புகையிலை மீது தனிவரி போட்டு, ஆண்டு ஆண்டாகச் சுரண்டி, 2006 நவம்பரில்தான் அடைத்தார்கள். பந்தயத்தைத் தந்தையின் தோளில் அமர்ந்து பார்த்த பத்து வயதுச் சிறுவனுக்கு அப்போது வயது நாற்பது. பந்தயத்தைப் பாராமலே, பிறகு பிறந்து, வேலைக்குப் போய், சிகரெட்டு வாங்கிய இளைஞனும் அந்தக் கடனை அடைத்தான். மேயரின் மாளிகைக்கு வந்த விருந்தாளிகளை அவன் கண்டானா? இல்லை. அடைத்த பின்னாவது ஓய்ந்ததா? அதே அரங்கின் கூரையை மீண்டும் மாற்ற 87 கோடி டாலர் செலவிடப் போவதாக 2024 பிப்ரவரியில் அறிவித்தார்கள்.

ஒரு நகரத்தின் தவறு என்று தள்ளிவிடலாமோ? ஆக்சுபோர்டு பல்கலைக்கழகத்து ஆய்வாளர் 1960 முதலான பந்தயங்களின் கணக்கைக் கூட்டிப் பார்த்து 2020இல் வெளியிட்டனர். கணக்குக் கிடைத்த பந்தயம் ஒவ்வொன்றும் மதிப்பீட்டைத் தாண்டியது. சராசரி மிகைச் செலவு நூற்றுக்கு 172. நூறு ரூபாய் என்று சொல்லி 272 ரூபாய் வாங்கிக்கொள்ளும் கடைக்காரரிடம் நாம் இரண்டாம் முறை போவோமா? நகரங்கள் போகின்றன, ஏனென்றால் போகிறவர் பையிலிருந்து பணம் போவதில்லை.

போகாத நகரங்களும் உண்டு. 1976இன் குளிர்காலப் பந்தயம் அமெரிக்காவின் டென்வர் நகருக்கு 1970இல் வழங்கப்பட்டது. கொலராடோ மாநில மக்கள் 1972 நவம்பரில் வாக்குச் சாவடிக்குச் சென்று, இதற்கு எங்கள் பணம் இல்லை என்று தீர்ப்பெழுதினர். கையில் வந்த பந்தயத்தைத் திருப்பிக் கொடுத்தது அந்நகரம். ஆஸ்திரியாவின் இன்சுபுருக் நடத்தியது. டென்வர் அதனால் அழிந்துவிடவில்லை. மலையும் பனியும் அங்கேயேதான் இருக்கின்றன.

லாஸ் ஏஞ்சல்ஸ் கதை இன்னும் சுவையானது. மான்ட்ரியாலின் அடியைக் கண்ட உலகம் அஞ்சி ஒதுங்கிய வேளையில், 1984இன் பந்தயத்துக்கு இறுதிவரை நின்றது அந்த ஒரு நகரமே. அதன் வாக்காளரோ 1978 நவம்பரில், திரும்பி வராத நகராட்சிப் பணம் ஒரு காசும் பந்தயத்துக்குச் செல்லலாகாது என்று நகரத்தின் சாசனத்திலேயே எழுதிவிட்டார்கள். ஒலிம்பிக் குழு என்ன செய்யும்? வேறு ஆள் இல்லை; இறங்கி வந்தது; உறுதிப் பத்திரம் இல்லாமலே பந்தயத்தைக் கொடுத்தது. 1932இல் பயன்பட்ட பழைய அரங்கையே மீண்டும் பயன்படுத்தினார்கள். முடிவில் 20 கோடி டாலருக்கு மேல் மிச்சம்! வேண்டா என்று சொல்ல வல்லவனுக்கே நல்ல நிபந்தனை கிடைக்கும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ? ஆனால் கேளுங்கள் வேடிக்கையை. அதே லாஸ் ஏஞ்சல்ஸ் 2028இன் பந்தயத்துக்காக 2017இல் கையெழுத்திட்டபோது, நட்டம் வந்தால் முதல் 27 கோடி டாலரை நகரமும் அடுத்த 27 கோடியை மாநிலமும் ஏற்கும், அதற்கு மேல் எவ்வளவானாலும் மீண்டும் நகரமே ஏற்கும் என்று ஒப்புக்கொண்டது. தந்தையர் மறுத்த புரோநோட்டில் மைந்தர் கைநாட்டு! மிச்சம் வந்தாலும் வரலாம். பழைய அரங்குகள் அங்கே நிறைய உள்ளன. ஆனால் தந்தையர் தம் கருத்தை வாக்குப் பெட்டியில் சொன்னார்கள். இம்முறை நகர மன்றத்தின் மேசையிலேயே காரியம் முடிந்தது.

நம் கேள்விக்கு மிக அருகில் வருவது பாஸ்டன். ஒரு நகரம் தன்னைத்தானே எடைபோட்டுப் பார்த்த கதை அது. எடைத்தட்டு ஏழு மாதம் ஆடியது.

2024இன் பந்தயத்துக்கு அமெரிக்காவின் சார்பில் போட்டியிடத் தகுந்த நகரம் பாஸ்டன் என்று அமெரிக்க ஒலிம்பிக் குழு 2015 சனவரி 8இல் தேர்ந்தது. கேட்டது நகரமா? இல்லை. தனியார் சிலர் கூடி அமைத்த ஒரு குழு. அதன் தலைவர் பெரிய கட்டட நிறுவனம் ஒன்றின் அதிபர். கட்டடம் கட்டுவோருக்குப் பந்தயத்தின் மீது காதல் வருவதில் வியப்பென்ன? மேயர் மார்ட்டி வால்ஷ் அந்தக் காதலுக்குத் தூது நின்றார். தொடக்கத்தில் மக்களுக்கும் மகிழ்ச்சியே. கருத்துக் கணிப்பில் நூற்றுக்கு 51 பேர் வரவேற்றனர்.

பிறகு ஏடுகள் ஒவ்வொன்றாக வெளிவந்தன. மேயர் ஒப்பமிட்ட ஒப்பந்தத்தில் ஒரு விதி இருந்தது: மாநகராட்சி ஊழியர் எவரும் ஒலிம்பிக் குழுவின் புகழுக்குக் குறைவு நேரும்படி எழுதவோ பேசவோ கூடாதாம்! பேச்சுரிமையைத் தம் அரசியல் சட்டத்தின் முதல் திருத்தமாகவே எழுதி வைத்திருக்கும் நாட்டில், தேநீர் வரிக்காகக் கப்பலேறிக் கலகம் செய்த அதே ஊரில், வாய்ப்பூட்டு! எதிர்ப்பு எழவே, அதை யார் மீதும் செலுத்தமாட்டோம் என்றார் மேயர். பின்னர் விதியும் மாற்றப்பட்டது. ஆனால் ஒரு காரியத்தைப் பற்றிக் குறை பேசாதே என்று முன்கூட்டியே எழுதி வாங்குகிறார்கள் என்றால், குறை இருப்பது அவர்களுக்கே தெரியும் என்றுதானே பொருள்?

அடுத்து, நடுவரங்கு எங்கே? விடெட் சர்க்கிள் என்ற இடத்தில், 60,000 இருக்கைகளோடு, பந்தயம் முடிந்ததும் பிரித்தெடுக்கும் தற்காலிக அரங்கு. அங்கே ஏற்கெனவே இருந்தவை இறைச்சியும் பிற உணவுப் பண்டமும் விற்கும் மொத்த வணிகக் கிடங்குகள். விடியுமுன் எழுந்து ஊருக்குச் சோறு அனுப்புவோர் அவர்கள். உலகத்துக்கு வரைபடம் காட்டியவர்கள், தங்களை முறையாகக் கலந்து கேட்கவில்லை என்று அந்த வணிகர் குமுறினர்.

இயற்கையும் விவாதத்தில் கலந்துகொண்டது. அந்தக் குளிர்காலத்தில் பாஸ்டனில் 110 அங்குலத்துக்கு மேல் பனி கொட்டியது. அதுவரை காணாத அளவு. நகர இரயில்கள் நின்றன. வேலைக்குப் போகவேண்டியவர் நடுங்கியபடி நிலையத்தில் நின்றார்கள். "ஒன்பது ஆண்டு கழித்து உலகத்தையே ஏற்றிச் செல்லப் போகிறதாம் இந்த இரயில், இன்று என்னை ஏற்றிச் செல்லுமா?" என்று எண்ணாதவர் அந்த வரிசையில் இருந்திருப்பரோ? மார்ச்சு மாதம் ஆதரவு 36 ஆக இறங்கியது. மக்கள் தீர்ப்புக்கு விடுகிறோம், பெரும்பான்மை இல்லையேல் விலகுகிறோம் என்று குழுவின் தலைவரே அறிவிக்க நேர்ந்தது. குழுவிடம் கோடிகள் இருந்தன. எதிர்த்தவரிடம் இருந்தவை சில கணக்குத் தாள்களும், மாலை நேரக் கூட்டங்களில் எழுந்து நின்று கேள்வி கேட்கும் பழக்கமும்.

சூலை மாத இறுதி. அமெரிக்கக் குழு உறுதிப் பத்திரத்தைக் கேட்டது. சூலை 27 அன்று மேயர் செய்தியாளரை அழைத்து, வரி செலுத்துவோரை எல்லையற்ற இடருக்கு உள்ளாக்கும் பத்திரத்தில் இப்போது கையெழுத்திட இயலாது என்றார். அன்றே பாஸ்டனின் போட்டி முடிந்தது. தூது நின்ற அதே மேயர்! அவரை ஏளனம் செய்வோர் உண்டு. நாம் செய்யமாட்டோம். சனவரியில் அவர் கையெழுத்திட்ட பேனாவும் சூலையில் கீழே வைத்த பேனாவும் ஒன்றே. இடையில் நடந்தது, ஊர் கேள்வி கேட்டது.

இங்கே ஒரு தடை எழும். அதை மறைத்துவிட்டுப் பேசுவது நேர்மையன்று. "மேயரைத் தேர்ந்தெடுத்தது மக்கள்தாமே? தேர்ந்தெடுக்கப்பட்டவர் செய்யும் ஒவ்வொன்றுக்கும் மீண்டும் மக்களைக் கேட்பதென்றால் அணை எழுமா, ஆலை எழுமா, பள்ளிக்கூடந்தான் எழுமா?" நல்ல கேள்வி. பள்ளிக்கூடம் எழுந்தது மக்களைக் கேட்டு அன்று. தொலைநோக்குடைய ஆட்சி துணிந்ததால். நாமே அதன் விளைச்சல்.

எனினும் வேறுபாடு உண்டு. பள்ளி தவறான இடத்தில் எழுந்தால் அடுத்த ஆட்சி மாற்றலாம். வரி மிகுந்தால் அடுத்த தேர்தலில் குறைக்கலாம். பிரதிநிதி என்பவரிடம் நாம் கொடுப்பது திரும்பப் பெறக்கூடிய அதிகாரம். உறுதிப் பத்திரமோ திரும்பாதது. டோக்கியோவைப் பாருங்கள், கொரோனா காலத்தில், பந்தயத்தை நிறுத்தும் உரிமை ஒப்பந்தப்படி ஒலிம்பிக் குழுவினுடையதே, நகரத்தினுடையது அன்று. ஓராண்டு தள்ளி 2021இல், பெரும்பாலான அரங்குகளில் பார்ப்பவர் ஒருவரும் இன்றி நடத்தினார்கள். செலவு மட்டும் ஆளில்லாத இருக்கைகளுக்கும் சேர்த்து. நான்காண்டுப் பதவிக்காரர் முப்பதாண்டுக் கடனுக்கு ஒப்புவது, தமக்கு வாக்களித்தவர் சார்பில் மட்டுமன்று, இன்னும் பிறவாதவர் சார்பிலும். வாக்குறுதி என்பது ஒருவர் தம் தலைமேல் தாமே ஏற்றிக்கொள்ளும் சுமை. மாற்றான் தலைமேல் ஏற்றுவதற்கு வாக்குறுதி என்று பெயரில்லை.

கேட்டால் மக்கள் எப்போதும் வேண்டா என்றே சொல்வார்கள் என்று அஞ்சுவோரும் உண்டு. உண்மையா? ஆம்பர்க் நகரம் 2015இலும், கால்கரி நகரம் 2018இலும் வாக்கெடுப்பில் வேண்டா என்றன. புடாபெஸ்டில் 2017இல் இளைஞர் தெருத்தெருவாய் நின்று 2,66,000 கையொப்பம் திரட்டவே, வாக்கெடுப்புக்கு முன்னரே அரசு பின்வாங்கியது. ஆனால் வான்கூவர் மக்கள் 2003இல் நூற்றுக்கு 64 பேர் வேண்டும் என்றனர். 2010இன் குளிர்காலப் பந்தயம் அங்கே நடந்தது. 2013இல் மறுத்த மியூனிக் 2025 அக்டோபரில் மூன்றில் இரு பங்கினரை ஒட்டிய பெரும்பான்மையோடு ஏற்றது. 1972இன் அரங்கும் பூங்காவும் அங்கே இன்றும் பயன்பாட்டில் உள்ளன. புதிதாகக் கட்டவேண்டியது குறைவு. பார்சிலோனா 1992இல், ஏற்கெனவே நெஞ்சில் இருந்த நகரத் திட்டத்தைப் பந்தயத்தின் பெயரால் விரைவுபடுத்தி, கடற்கரையை மறித்துக் கிடந்த இரயில் பாதையை அகற்றி, கடலை மக்களுக்குத் திறந்துவிட்டது. கணக்கு நேராக இருந்தால் மக்கள் அதை நேராகவே படிக்கிறார்கள்.

படிக்கவிடாமல் தடுப்பது எது? புனிதம்! ஒலிம்பியாவில் வெயிலைக் குழியாடியில் குவித்துத் தீ மூட்டுவார்கள். பழங்காலப் பூசாரிணிகளைப் போல் உடுத்திய பெண்கள் அதை ஏந்துவார்கள். கைமாறிக் கைமாறி நாடு கடந்து வரும். பார்ப்பவர் கண்ணில் நீர் மல்கும். மூவாயிரம் ஆண்டுப் பழமை என்று நம்புவோர் பலர். அந்தத் தீப்பந்த ஓட்டம் பிறந்தது 1936இல், இட்லர் ஆட்சியின் பெர்லின் பந்தயத்துக்காக. அமைப்பாளர் கார்ல் டீம் என்பவர். பழமை என்ற போர்வை எவ்வளவு விரைவில் நெய்யப்படுகிறது, பார்த்தீர்களா? தேர்த் திருவிழாவுக்குக் கணக்குக் கேட்டால் சாமி குற்றம் என்பர் நம் ஊரில். அங்கே நாட்டின் மானம் என்பர். கணக்குக் கேட்பவன் நாத்திகன் என்ற பழியும், நாட்டுப் பற்றில்லாதவன் என்ற பழியும் ஒரே பட்டறையில் அடித்தவை.

சரி, மக்களைக் கேட்டாகிவிட்டது, பெரும்பான்மை வேண்டும் என்றும் சொல்லிவிட்டது, அதோடு அறம் நிறைவுற்றதா? நாம் நெடுநாள் அப்படித்தான் எண்ணியிருந்தோம். ரியோ டி செனீரோவின் கதை அந்த எண்ணத்தைக் கலைத்தது.

அந்நகரின் மேற்குப் பகுதியில், ஏரிக்கரையில், விலா ஆட்டோட்ரோமோ என்றொரு குடியிருப்பு. மீன் பிடித்து வாழ்ந்தோர் தொடங்கியது. ஏறத்தாழ 600 குடும்பங்கள். மண்ணைப் பயன்படுத்தும் உரிமைப் பத்திரம் 1990களில் அரசே பலருக்கு வழங்கியிருந்தது. 2009இல் பந்தயம் ரியோவுக்குக் கிடைத்தது; கடற்கரையில் கூட்டம் ஆடிப் பாடியது. ஒலிம்பிக் பூங்கா எழுந்ததோ இந்தக் குடியிருப்பின் வேலி ஓரத்தில். வீடுகள் வழியில் நின்றன. அல்லது நிற்பதாகச் சொன்னார்கள். குடியிருப்போர் சும்மா இருக்கவில்லை. இரண்டு பல்கலைக்கழகங்களின் துணையோடு தாங்களே ஒரு திட்டம் வரைந்து, எங்களை அப்புறப்படுத்துவதைவிட இங்கேயே வைத்துச் சீர்செய்வது செலவு குறைவு என்று காட்டினார்கள். பரிசுகூடக் கிடைத்தது அத்திட்டத்துக்கு. ஆனால் வீடுகள் ஒவ்வொன்றாக விழுந்தன. சிலர் ஈட்டுத்தொகை பெற்றனர். பலர் அடுக்குமாடிக்குப் போயினர். போகமாட்டோம் என்று இடிபாட்டுக்கு நடுவே நின்றவர் 20 குடும்பத்தார். பந்தயம் தொடங்க ஏழு வாரம் இருக்கையில் ரியோ மாநில அரசு, நிதி நெருக்கடியால் பொதுப் பேரிடர் என்று அறிவித்தது.

அன்று ரியோவில் வாக்கெடுப்பு வைத்திருந்தால் பெரும்பான்மை வேண்டும் என்றே சொல்லியிருக்கக்கூடும். அதனால் அந்த 600 வீட்டின் சுவர் இடிக்கத் தக்கதாகிவிடுமா? வரி கூடுவதும் வீடு போவதும் ஒரே எடை அல்ல. எல்லாரும் சிறிது கொடுப்பதற்கு எல்லாரையும் கேட்டால் போதும். சிலர் எல்லாவற்றையும் கொடுக்க நேர்ந்தால், அந்தச் சிலரைத் தனியே கேட்கவேண்டும். அவர்கள் மறுத்தால் வரைபடம் வளையவேண்டும். பெரும்பான்மையின் பெயரால் சிறுபான்மையின் அடுப்பை அணைக்கும் கலையை இந்த நாடு நூற்றாண்டுகளாய்ப் பயின்றிருக்கிறது. நமக்குப் புதிதாய்ச் சொல்லித்தர வேண்டியதில்லை.

தில்லி மாநகரம் 2010இல் பொதுநல நாடுகளின் பந்தயத்தை நடத்தியது. பட்டியலின மக்களின் மேம்பாட்டுக்கென ஒதுக்கிய சிறப்புக்கூறு நிதியிலிருந்து 600 கோடி ரூபாய்க்கு மேல் பந்தயப் பணிகளுக்குத் திருப்பிவிடப்பட்டது. அது தவறே என்று அவ்வாண்டு ஆகஸ்டில் நாடாளுமன்றத்திலேயே அரசு ஒப்புக்கொள்ள நேர்ந்தது. நூற்றாண்டுகளாய் மறுக்கப்பட்டவருக்கு என்று எழுதி வைத்த பணம், விருந்தினர் நடக்கும் பாதைக்குப் போயிற்று. ஊழல் வழக்குகளைப் பற்றி ஏடுகள் ஏராளமாய் எழுதின. இதைப் பற்றி எழுதியவை எத்தனை? திருடியவனைவிட, முறைப்படி கோப்பில் எழுதி எடுத்தவனே நம்மை அச்சுறுத்துகிறான்.

இப்போது அகமதாபாத். 2036இன் ஒலிம்பிக் பந்தயத்தை இந்தியாவில் நடத்த விரும்புகிறோம் என்று இந்திய ஒலிம்பிக் சங்கம் 2024 அக்டோபர் 1இல் கடிதம் கொடுத்தது. நகரம் அகமதாபாத் என்று பின்னர் சொன்னார்கள். 2030இன் பொதுநல நாடுகள் பந்தயம் 2025 நவம்பரில் அந்நகருக்கே வழங்கப்பட்டது. ஒலிம்பிக்கும் வந்தால் இந்திய மண்ணில் முதன்முறை. நம் பிள்ளைகள் அந்தப் பாதையில் ஓடுவதைக் காண நமக்கு மட்டும் ஆசை இல்லையா? ஆனால் பாஸ்டனில் ஏழு மாதம் கேட்ட கேள்விகளை நம் நாட்டில் எவரேனும் ஏழு நாள் கேட்டதுண்டா? உறுதிப் பத்திரத்தில் என்ன எழுதுவார்கள்? நடுவண் அரசு பிணை நின்றால், சபர்மதிக் கரையினர் மட்டுமல்ல, தாமிரபரணிக் கரையினரும் அதில் பங்காளிகள் அல்லரோ? நாடு முழுவதையும் வாக்குச் சாவடிக்கு அழைக்கச் சொல்லவில்லை நாம். பத்திரத்தின் வாசகத்தைக் கையெழுத்துக்கு முன் அச்சிட்டு வெளியிடுங்கள், எவர் வீடு வழியில் இருக்கிறது என்று வரைபடத்தில் முன்னரே குறித்துக் காட்டுங்கள் என்றாவது கேட்கலாம் அல்லவா?

அடுத்த வெள்ளியன்று மன்றம் மீண்டும் கூடியது. கரும்பலகையில் நம் ஊரையே வரைந்தோம்: ஏரி, பேருந்து நிலையம், சந்தை மேடு, தெருக்கள். நடுவில் ஓர் அரங்கு. பிறகு நாற்பது சீட்டை மடித்துக் கொடுத்தோம். நான்கில் மட்டும் பெருக்கல் குறி. அது வந்தவர் வீடு இடிபடும். மற்றவருக்கு வரி. பிரிக்குமுன் வாக்கெடுத்தோம், கேட்கலாம் என்றோர் 31இலிருந்து 19க்கு இறங்கினர். பிரித்தபின் மீண்டும் கேட்டோம். குறி வந்தவரில் மூவர் கையைக் கீழே போட்டனர். நான்காவது கை மட்டும் உயர்ந்தே நின்றது. பார்த்தால், கடைசி வரிசைப் பையன்!

"தம்பி, வீடு போகிறதே?" என்றோம்.

"எங்கள் வீடு உண்மையிலேயே ஏரிப் புறம்போக்கில்தான் இருக்கிறது, ஐயா. பட்டா இல்லை. பந்தயம் வராவிட்டாலும் ஒருநாள் இடிப்பார்கள். பந்தயம் வந்தால் உலகம் பார்க்கும். மாற்று வீடாவது கேட்கலாம்."

நமக்குச் சட்டென்று சொல் வரவில்லை. விலா ஆட்டோட்ரோமோவின் 20 குடும்பங்களைச் சொன்னோம். 2016இல் அதே இடத்தில் அவர்களுக்குப் புதிய சிறு வீடுகள் கட்டித்தரப்பட்டதையும் சொன்னோம்.

"எழுதி வாங்கிக்கொண்டார்களா?"

"ஆம். மாநகராட்சியோடு ஒப்பந்தம் போட்டுக்கொண்டார்கள்."

அவன் எழுந்து வந்து, குறி போட்ட சீட்டை நம் மேசைமேல் வைத்தான். "அப்படியானால் நான் கேட்கலாம் என்றே கை தூக்குகிறேன், ஐயா. ஆனால் முதலில் இதில் அவர்கள் கையெழுத்துப் போடட்டும்."

சீட்டு இன்னும் நம் மேசை இழுப்பறையில் இருக்கிறது.